சொல்லாததைச் செய்யும் வேலைக்காரன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்

சொன்னதைச் செய்பவன் வேலைக்காரன். சொல்லாததையும் குறிப்பறிந்து செய்பவன் நல்ல வேலைக்காரன் என்பார்கள் பெரியவர்கள். ஆனால் குறிப்பறிந்து செய்கிறேன் என்று, நம் வீட்டில் இல்லாத ஒரு பொருளை நம்பி அவன் காரியத்தைத் தொடங்கிவிட்டால் என்ன ஆகும்? அடுப்பை மூட்டி, உலையை வைத்து, எல்லாம் முடிகிற நேரத்தில், "அந்தப் பொருளை எடுங்கள்" என்று கேட்டால் நாம் எங்கே போவது? கணிப்பொறி உலகில் இப்படிப்பட்ட வேலைக்காரன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் கம்பைலர். அவனோடு நான் பழகியதில் கற்றுக்கொண்டவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கணிப்பொறி பயிலாத நண்பர்களுக்காக இரண்டு சொற்களை முதலில் விளக்கிவிடுகிறேன். நம் மலையிலுள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் டீமேக்கர் என்று ஒருவர் இருப்பார். எந்த இயந்திரம் எப்போது ஓட வேண்டும், எந்தக் கொழுந்து எந்தத் தொட்டிக்குப் போக வேண்டும் என்று பார்ப்பது அவர் பொறுப்பு. கணிப்பொறிக்குள் அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பது கெர்னல். நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், செயலி யாருக்கு எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுவே. 1991இல் பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், இன்று கைப்பேசி முதல் பெருங்கணிப்பொறி வரை இயங்குகிறது. அதன் பெரும்பகுதி, நாம் துணைப்பாடமாகப் படிக்கும் அதே சி மொழியில் எழுதப்பட்டது.

மனிதன் எழுதும் சி மொழியை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். இத்துறையில் இரண்டு கம்பைலர்கள் பெயர் பெற்றவை. ஒன்று, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜி.சி.சி. மற்றொன்று கிளாங். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் அவருடைய பேராசிரியர் விக்ரம் ஆட்வேயும் 2000இல் தொடங்கிய எல்.எல்.வி.எம். என்ற திட்டத்தின் மேல் எழுந்தது அது. ஆட்வே நம் நாட்டு மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்றவர் என்பது நமக்குப் பெருமை.

இந்தக் கம்பைலர்கள் எழுதியதை எழுதியவாறே மொழிபெயர்ப்பதில்லை. ஒரு நாளுக்கு எத்தனை நொடி என்பதை 60 பெருக்கல் 60 பெருக்கல் 24 என்று நாம் எழுதினால், 86,400 என்று தாமே கணக்கிட்டு வைத்துவிடும். யாருக்கும் பயன்படாத வரியை நீக்கிவிடும். நீண்ட வழியில் சொன்னதைக் குறுக்கு வழியில் செய்யும். இதற்கு ஆப்டிமைசேஷன் என்று பெயர். நான் இதைச் சிக்கனம் என்று அழைக்க விரும்புகிறேன். இந்தச் சிக்கனம்தான் சில வேளைகளில் கெர்னலைக் கட்டி முடிக்கவிடாமல் நிறுத்திவிடுகிறது.

நான் இதில் இறங்கியது பொழுதுபோக்குக்காக அன்று. என் கையில் இருப்பது அக்காவின் மடிக்கணினி. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது அவளுக்குக் கிடைத்தது. அக்கா என்னைவிட நன்றாகப் படித்தவள். ஆனால் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லயனில் ஒரே நேரத்தில் இரண்டு பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பும் வசதி எங்கள் வீட்டில் இல்லை. "நீ படி பாப்பா" என்று மடிக்கணினியை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறினாள்.

அந்த மடிக்கணினியில் விண்டோசுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007இல் வெளியிட்டது அது. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, தமிழக அரசு தன் துறைகளைப் பாசுக்கு மாறும்படி கேட்டுக்கொண்டது பலருக்கும் நினைவிருக்கலாம். இப்போது மாலை நேரங்களில் லயனில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மூன்று பிள்ளைகள் அந்த ஒரு திரையின் முன்தான் அமர்ந்து பாடம் படிக்கிறார்கள். இயந்திரத்துக்கோ வயதாகிவிட்டது. திறந்தால் எழுந்து நிற்கவே நெடுநேரம் பிடித்தது. தேவையற்ற பகுதிகளைக் கழித்துவிட்டு, அந்த இயந்திரத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்து ஒரு சிறிய கெர்னலைக் கட்டினால் சற்று வேகம் கிடைக்கும் என்று எண்ணினேன்.

சீனியர் அண்ணன் ஒருவர் பென் டிரைவில் வைத்திருந்த லினக்ஸ் 5.8இன் மூலநிரல் கிடைத்தது. 2020 ஆகஸ்டில் வெளிவந்த பதிப்பு அது. அதைக் கல்லூரி ஆய்வகத்தில் ஜி.சி.சி. கொண்டு கட்டிப் பார்த்தபோது தடையின்றி முடிந்தது. பிழைகளைத் தெளிவாக எடுத்துச் சொல்லும் என்பதால் வீட்டில் கிளாங் கொண்டு கட்டத் தொடங்கினேன். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கியது, ஐந்து மணி நேரம் ஓடியது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் நிலையாக இருப்பதில்லை. அன்று தெய்வாதீனமாக நின்றது. ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசிப் படியில், எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்கும் லிங்கர் என்னும் பகுதி ஒரே வரியைச் சொல்லி நின்றுவிட்டது. 'எஸ்டிபிகாப்பி' என்ற பெயருக்குரிய பொருளைக் காணவில்லை என்பதே அவ்வரியின் சாரம்.

மூலநிரல் முழுவதிலும் அந்தப் பெயரைத் தேடினேன். அதைக் கூப்பிடும் வரி ஓர் இடத்திலும் இல்லை! யாரும் எழுதாத பெயரை லிங்கர் ஏன் கேட்கிறது? அதே மூலநிரலை ஜி.சி.சி. முடித்துக் கொடுத்ததே, கிளாங் ஏன் நிற்கிறது?

செப்டம்பர் மாதம், கொழுந்து மிகுந்து வரும் காலம். இரவு ஷிப்டு முடிந்து அப்பா வந்தார்.

"என்னம்மா, தூங்கலையா?"

"கடைசியில நின்னுபோச்சுப்பா. இல்லாத சாமானைக் கேக்குது."

அப்பா ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நின்னது நல்லதுதானேம்மா. எங்க ஃபேக்டரியில சி.டி.சி. ரோலருக்கு முன்னாடி காந்தம் வச்சிருக்கோம். கொழுந்தோட ஆணி, கம்பி ஏதாவது வந்தா அதுல ஒட்டிக்கும். எடுத்துப் போட்டுட்டு வேலையைப் பாக்கலாம். ஒட்டாம உள்ள போனாத்தான் ரோலர் பல்லு போயிரும்."

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என் அப்பா. அந்தச் சொல்லின் முழுப்பொருளும் எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

மறுநாள் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் ஒருவரிடம் சொன்னேன். அவர் விடையைச் சொல்லவில்லை. "எழுதியதைப் பார்த்தது போதும். கம்பைலர் என்ன எழுதித் தருகிறது என்று பார்" என்றார். ஐந்து வரியில் ஒரு சிறு நிரல் எழுதி, அதன் இயந்திர மொழி வடிவத்தைக் கிளாங்கிடம் கேட்டு வாங்கினேன். சிக்கனம் வேண்டாம் என்று சொன்னபோது, நான் எழுதியது அப்படியே இருந்தது. சிக்கனம் வேண்டும் என்றபோது, நான் எழுதிய 'எஸ்பிரிண்ட்எஃப்' மறைந்து அங்கே 'எஸ்டிபிகாப்பி' அமர்ந்திருந்தது!

காரணம் இதுதான். எஸ்பிரிண்ட்எஃப் என்பது குறிப்பிட்ட அமைப்பின்படி எழுத்துகளை நினைவகத்தில் எழுதி, எத்தனை எழுத்து எழுதினேன் என்ற எண்ணைத் திருப்பித் தரும். ஒரு சரத்தை அப்படியே எழுது என்பதுதான் கட்டளை என்றால், அமைப்பை ஆராய்வது வீண் வேலை. எஸ்டிபிகாப்பியோ சரத்தை நகலெடுத்துவிட்டு, முடிந்த இடத்தின் முகவரியைத் தரும். முடிந்த இடத்திலிருந்து தொடங்கிய இடத்தைக் கழித்தால் எழுத்துகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். கணிதத்தில் குறையே சொல்ல முடியாது. கிளாங்கின் 12ஆம் பதிப்பில் இந்தச் சிக்கனம் புகுந்தது. ஜி.சி.சி. அந்த இடத்தில் இம்மாற்றத்தைச் செய்யவில்லை.

பிறகு ஏன் நின்றது? எங்கள் லயனுக்கு வந்து பாருங்கள், புரியும். நகரத்து வீட்டில் சமையல் நடுவே கடுகு தீர்ந்தால் எதிர்க்கடைக்குப் பிள்ளையை அனுப்பலாம். எங்களுக்குக் கடை என்றால் மலையிறங்கிப் போக வேண்டும். ஆகவே வேண்டியது எல்லாம் வீட்டிலேயே இருக்க வேண்டும். சாதாரண நிரல்களுக்குச் சி நூலகம் என்ற கடை பக்கத்திலேயே இருக்கிறது. கெர்னலுக்கு அந்தக் கடை கிடையாது. தனக்கு வேண்டிய நகலெடுக்கும் வேலை, ஒப்பிடும் வேலை போன்றவற்றுக்கான சிறு நிரல்களைத் தானே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. சி மொழியின் விதிகளே நூலகத் துணையுள்ள சூழல், தனித்து நிற்கும் சூழல் என்று இரண்டு சூழல்களைப் பிரித்துக் கூறுகின்றன. கெர்னல் இரண்டுக்கும் நடுவே வாழ்கிறது. கடை இருக்கிறது என்று நம்பிக் கம்பைலர் ஆளனுப்புகிறது. போன ஆள் வெறுங்கையோடு திரும்புகிறான்.

இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. கணித மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடியது 2008இல் நடந்தது. நேரத்தைக் கணக்கிடும் ஒரு பகுதியில், நானோ நொடிகள் 100 கோடியைத் தாண்டினால் 100 கோடியைக் கழித்து ஒரு நொடியைக் கூட்டு, தாண்டிக்கொண்டே இருந்தால் கழித்துக்கொண்டே இரு என்று ஒரு சுற்று எழுதியிருந்தார்கள். திரும்பத் திரும்பக் கழிப்பதே வகுத்தல் என்று நாம் சின்ன வகுப்பில் படித்தோமே, ஜி.சி.சி. 4.3 அதைக் கண்டுகொண்டது! கழித்தலை நீக்கிவிட்டு ஒரே வகுத்தலாக மாற்றியது. ஆனால் 32 பிட் செயலியில் 64 பிட் எண்ணை வகுக்க ஒரு துணை நிரல் வேண்டும். கெர்னலில் அது இல்லை. கட்டுமானம் நின்றது. அந்தச் சுற்று பெரும்பாலும் ஒரு முறைகூடச் சுற்றாது, சுற்றினாலும் ஒன்றிரண்டு முறைதான் என்பது எழுதியவருக்குத் தெரியும். கம்பைலருக்குக் கணிதம் தெரிந்தது, வழக்கம் தெரியவில்லை. சுற்றின் நடுவே ஒன்றும் செய்யாத ஒரு வெற்று இயந்திரக் கட்டளையை வைத்து, "இந்த எண்ணை யாரோ தொடுகிறார்கள், நீ ஊகிக்காதே" என்று கம்பைலருக்கு உணர்த்திச் சரிசெய்தார்கள்.

ஆக, பழுது நீக்க மூன்று வழிகள் உண்டு. கம்பைலரிடம் இந்தச் சிக்கனம் மட்டும் வேண்டாம் என்று விலக்குச் சொல்வது ஒன்று. 2008இல் செய்ததுபோல் அதன் கண்ணுக்குத் திரை போடுவது இரண்டாவது. அது தேடும் பொருளை நாமே செய்து வீட்டில் வைத்துவிடுவது மூன்றாவது. நான் மூன்றாவதைத் தேர்ந்துகொண்டேன். சரம் முடியும்வரை ஓர் எழுத்தாக நகலெடு, முடிந்த இடத்தைத் திருப்பிக் கொடு, இவ்வளவுதான். நாலைந்து வரிகளை எழுதிக் கெர்னலின் சரங்களுக்கான கோப்பில் சேர்த்தேன். மறுபடியும் ஓர் இரவு. லிங்கர் வாய் திறக்கவில்லை. கெர்னல் முழுமையாக வந்தது.

பின்னர் கல்லூரியில் இணையத்தில் பார்த்தபோது எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. நிக் டெசால்னியர்ஸ் என்ற பொறியாளர் 2020 செப்டம்பரிலேயே இதே பழுதைக் கண்டு, இதே பொருளை எழுதிச் சேர்த்திருக்கிறார். 5.9ஆம் பதிப்பிலிருந்து அது கெர்னலில் இருக்கிறது. என் கையிலிருந்த 5.8 வெளியாகி இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. இது நகல் போகும் இடத்தின் அளவைப் பாராத நிரல் ஆகையால், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரிக்கையும் எழுதி வைத்திருக்கிறார். 2019இல் இதேபோல் 'பிகம்ப்' என்ற ஒப்பிடும் நிரலைச் சேர்த்தார்கள். 2025இலும் அகன்ற எழுத்துச் சரங்களின் நீளத்தை அளக்கும் ஒரு நிரலை இதே காரணத்துக்காகச் சேர்க்க வேண்டியிருந்தது. கம்பைலர் வளரும் வரை இந்தக் கதையும் வளரும் போலும்!

அப்படியானால் சிக்கனத்தையே அடியோடு நிறுத்திவிடலாமே என்று நண்பர்கள் கேட்கலாம். முடியாது. சிக்கனம் இல்லாமல் லினக்ஸ் கெர்னலைக் கட்டவே இயலாது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நடக்கவே கூடாத நிலைமைகளுக்கு, எங்குமே எழுதப்படாத ஒரு நிரலை அழைக்கும் வரியைக் கெர்னல் ஆசிரியர்கள் வேண்டுமென்றே எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பயனற்ற வரி என்று கம்பைலரே அதை நீக்கிவிடும். ஒழுங்கு தவறினால் அந்த வரி தங்கிவிடும். பொருள் இல்லை என்று லிங்கர் கட்டுமானத்தை நிறுத்திவிடும். அப்பா சொன்ன காந்தம் அன்றோ இது?

காந்தத்தில் ஒட்டாமல் உள்ளே போன ஆணிக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2009இல் லினக்ஸ் 2.6.30இன் வலைத்தொடர்புப் பகுதி ஒன்றில், ஒரு முகவரியைப் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரியில் அந்த முகவரி வெறுமையா என்று சோதித்திருந்தார்கள். "ஏற்கனவே பயன்படுத்தியாயிற்று, ஆகவே வெறுமையாக இருக்க முடியாது, சோதனை வீண்" என்று ஜி.சி.சி. சோதனையையே நீக்கிவிட்டது. கட்டுமானம் நிற்கவில்லை; ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் சாதாரணப் பயனாளர் ஒருவர் இயந்திரத்தின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றும் வழி திறந்துவிட்டது. அதன்பின் அத்தகைய சோதனைகளை நீக்கக் கூடாது என்ற விலக்கை எல்லாக் கெர்னல் கட்டுமானங்களுக்கும் சேர்த்தார்கள். நின்றுபோன கட்டுமானம் நமக்கு ஓர் இரவைத்தான் இழக்கச் செய்கிறது. நிற்காமல் போனதே அஞ்சத்தக்கது.

இதையெல்லாம் படித்தபோது என் நினைவு கம்பைலரைவிட்டு வேறு திசையிலும் சென்றது. பட்டப்படிப்புக்கு வந்த முதல் தலைமுறை நாங்கள். எங்கள் தாத்தா 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். அன்று முதல் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது தேயிலைச் செடியே. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து, "இது வீட்டில் கேட்டால் தெரியும்", "பெற்றோரின் மின்னஞ்சல் முகவரியை எழுதவும்" என்ற வரிகளைப் படிவம் படிவமாகப் பார்க்கிறோம். எழுதியவர்கள் நல்லவர்களே. பக்கத்தில் கடை இருக்கிறது என்று நம்புகிறார்கள், அவ்வளவே. அரியர் என்றால் என்ன, உதவித்தொகைக்கு எந்தச் சான்றிதழ் முதலில், பல்கலைக்கழகத் தேர்வில் மறுமதிப்பீடு கேட்பது எப்படி என்பதை வீட்டில் யாரிடம் கேட்பது? பதில் இல்லாத இடத்தில் எங்களில் சிலர் சத்தமின்றி நின்றுபோகிறார்கள். முதலாண்டில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த இருவர் இன்று வகுப்பில் இல்லை.

விலக்குக் கேட்பதும் திரை போடுவதும் எல்லா வேளையிலும் நடவாது. இல்லாத பொருளை எழுதிச் சேர்ப்பது நம் கையில் இருக்கிறது. ஆகவே நானும் இரு தோழிகளும் எங்கள் துறையில் ஒரு நோட்டைத் தொடங்கியிருக்கிறோம். நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டது ஒவ்வொன்றையும் நாலைந்து வரியில், தேதியோடு எழுதி வைக்கிறோம். இதுவரை முப்பத்தொரு குறிப்புகள் சேர்ந்துள்ளன. விரிவுரையாளர்கள் பார்த்துத் திருத்தித் தருகிறார்கள்.

லயன் பிள்ளைகள் இப்போது அந்த மடிக்கணினி எழுந்து நிற்கும்வரை முன்போல் கொட்டாவி விடுவதில்லை. அக்காவிடம் போனில் சொன்னபோது, "எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா ஓடுதுல்ல?" என்று சிரித்தாள். ஓடுகிறது.

நண்பர்களே, உங்கள் பாதையிலும் ஏதேனும் ஒன்று கடைசிப் படியில் நின்று, நீங்கள் கேள்விப்படாத ஒரு பெயரைக் கேட்கக்கூடும். அப்போது, அந்தப் பொருள் உங்களிடம் இருக்கும் என்று நம்பியது யார் என்று தேடுங்கள். கண்டுபிடித்ததும் அதை எழுதிச் சேர்த்துவிடுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் அந்த இடத்தில் ஓர் இரவை இழக்காமல் கடந்து போகட்டும். நோட்டு துறை நூலகத்தில், ஜன்னலோர அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. முப்பத்திரண்டாவது குறிப்பு உங்களுடையதாக இருக்கலாம்.